டிசைன் அருமை, ஆனா மாப்பிள்ளை பேரைப் பார்த்ததும் ஆர்டரைத் திருப்பிட்டாங்க

ஆன்லைன்ல கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணித் தர்ற ஒரு சர்வீஸ் பத்தினது இது. பேரு போடல. போட்டா நாலு பேரு போய் அந்த ஆளைத் திட்டுவாங்க, எனக்கு அது வேண்டாம்.

வேலைல குறையே சொல்ல முடியாது. தமிழ்ல பத்திரிகை அடிச்சவங்களுக்குத் தெரியும், பாதி இடத்துல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிச்சிக்கிட்டு நிக்கும், இவங்க அனுப்பின மாடல்ல ஒரு எழுத்து கூட உடையல. வெள்ளை பேக்ரவுண்ட், ஓரத்துல மெல்லிசா ஒரு கொடி, அவ்வளவுதான், தங்கச்சி பார்த்தவுடனே இதான் வேணும்னுட்டா. அட்வான்ஸ் போட்டோம், பேரு இருக்க வேண்டிய இடத்துல மணமகள், மணமகன்னு மட்டும் போட்டு ப்ரூஃப் வந்துச்சு, ஓகே சொல்லிட்டு ரெண்டு பேரு பேரையும் அனுப்பினோம்.

சாட்ல டைப்பிங்னு வந்துச்சு, நின்னுச்சு, மறுபடி வந்துச்சு, நின்னுச்சு. அப்புறம் ஓனரே போன் பண்ணாரு. "தப்பா எடுத்துக்காதீங்க சார், ரெண்டு பேரும் வேற வேற மதம் போல இருக்கு, எங்க நம்பிக்கைக்கு ஒத்து வராது, அட்வான்ஸை இன்னைக்கே திருப்பிப் போட்டுடறேன்." குரலை உயர்த்தல, பணமும் ஒரு மணி நேரத்துல வந்துடுச்சு. நான் ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், தங்கச்சி பக்கத்துல உக்காந்து முழுசா கேட்டா.

அவரு நம்பிக்கை பொய்னு நான் சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன், கோர்ட்டுங்க இதுல எவ்ளோ மண்டைய உடைச்சிருக்காங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. பெல்ஃபாஸ்ட்ல 2014ல ஒருத்தர் ஓரினத் திருமணத்தை ஆதரிக்கற வாசகத்தோட கேக் கேட்டாரு, பேக்கரி முடியாதுன்னுச்சு, 2018ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு ஜட்ஜும் பேக்கரி பக்கம்தான் நின்னாங்க. காரணம், அவங்க மறுத்தது அந்த வாசகத்தை, அந்த ஆளை இல்ல, வேற யாரு வந்து அதே வாசகத்தைக் கேட்டிருந்தாலும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பாங்க. இது எனக்கு நியாயமாத்தான் படுது, என் மனசுக்கு ஒவ்வாத கோஷத்தை என் கையால எழுதச் சொன்னா நானும் மாட்டேன்னுதான் சொல்வேன். அதே கோர்ட் 2013ல, கார்ன்வால்ல ஹோட்டல் நடத்தின ஒரு கிறிஸ்தவத் தம்பதி ரெண்டு ஆண்களுக்கு டபுள் ரூம் தர மறுத்தது தப்புன்னு சொல்லியிருக்கு. அங்க வாசகமே இல்ல, ரூம்தான், அதை ஆளைப் பார்த்து மறுத்தாங்க.

அமெரிக்கால கொஞ்சம் வேற மாதிரி போயிருக்கு. ஓரினத் திருமணத்துக்கு கேக் செய்ய மாட்டேன்னு சொன்ன ஒரு கொலராடோ கடைக்காரர் 2018ல அங்க சுப்ரீம் கோர்ட்ல 7க்கு 2ன்னு ஜெயிச்சாரு, ஆனா அது அந்த மாநில கமிஷன் அவரு மதத்தை நடுநிலையா பார்க்கலன்னுதான், யாரையும் மறுக்கலாம்னு லைசன்ஸ் குடுத்த தீர்ப்பு இல்ல. 2023ல வந்ததுதான் பெருசு, கல்யாண வெப்சைட் டிசைன் பண்றது அந்த டிசைனரோட சொந்தப் பேச்சு மாதிரி, அதைக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு 6க்கு 3ல சொல்லிட்டாங்க. நம்ம ஓனர் இதைத்தான் கைகாட்டுவாரு.

ஆனா எங்க பத்திரிகைல அவரு பேச்சு எங்க இருக்கு? ரெண்டு பேரு, தேதி, நேரம், மண்டபம். அதே கொடி, அதே எழுத்து, நேத்து வேற யாருக்கோ போனது, நாளைக்கு இன்னொருத்தருக்குப் போகப் போறது. மாறினது பேரு மட்டும்தான், அவரு வேணாம்னதும் அந்தப் பேரைத்தான்.

ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான், யாருக்குச் செய்ய மாட்டோம்னு முன்னாடியே சைட்ல போட்டுட்டா பிரச்சனை இல்லையேன்னு. அதைத்தான்டா தாங்க முடியாதுன்னேன். இன்னாருக்கு இங்க இடமில்லைங்கற அந்த போர்டைக் கழட்டத்தான் அமெரிக்கால 1964ல சட்டமே போட்டாங்க. அப்பவும் ஒரு ரெஸ்டாரன்ட் ஓனர், கறுப்பர்களை உக்கார வெச்சு சாப்பாடு போடச் சொல்றது என் மத நம்பிக்கைக்கு விரோதம்னு, அவரு மேல போட்ட கேஸ்ல வாதாடினாரு, 1968ல இது ஒரு வாதமே இல்லன்னு தள்ளிட்டாங்க. நம்ம அரசியலமைப்புல 15வது பிரிவுலயே கடை, ஹோட்டலுக்குள்ள போக மதம், ஜாதி தடையா இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு.

டிசைனுக்காக ரெண்டு ஸ்டார், மிச்ச மூணு என்னால குடுக்க முடியல.

மறுநாள் தங்கச்சி வேற ஒரு சர்வீஸுக்கு மெசேஜ் போட்டா. மாடல் கேக்கல, ரேட் கேக்கல, "நாங்க ரெண்டு பேரும் வேற வேற மதம், பரவாயில்லையா?"ன்னு அதைத்தான் முதல்ல அடிச்சா, பக்கத்துல இருந்து பார்த்த எனக்கு நெஞ்சை அடைச்சுடுச்சு. அந்தப் பக்கம் யாருன்னு தெரியல, "தேதி சொல்லுங்க மேடம்"னு மட்டும் பதில் வந்துச்சு.