ஹாஃப் டோம் தினசரி லாட்டரி: நாலு நாள் போட்டுப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் என்கிற பாறைச் சிகரத்தின் உச்சிக்கு ஏறப் பெர்மிட் வேண்டும், அது லாட்டரியில்தான் கிடைக்கும், இது மலையேறுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மார்ச் மாத லாட்டரியில் பெயர் வரவில்லை என்றால் அந்த வருடம் அவ்வளவுதான் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், நாங்களும் முதல் வருடம் அப்படித்தான் விட்டோம். ஆனால் இரண்டு நாள் முன்னால் போடுகிற தினசரி லாட்டரி என்று ஒன்று இருக்கிறது. போன செப்டம்பரில் அதை மட்டும் நம்பி நாலு பேர் கிளம்பிப் போனோம், கிடைத்தது, ஏறினோம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் மார்ச் லாட்டரியைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 1 முதல் 31 வரை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர், ஏழு தேதிகள் வரை. ஏப்ரல் நடுவில் முடிவு வரும். ஒரு நாளைக்கு மொத்தமே 300 பேர், அதிலும் ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்களுக்கு 225, மீதி 75 காட்டில் இரவு தங்குகிறவர்களுக்கு. நாங்கள் முதல் வருடம் ஜூன், ஜூலை சனிக்கிழமைகளாகப் பார்த்துப் போட்டோம். லீவு எடுக்க வேண்டாமே என்பதுதான் காரணம். எல்லாருக்கும் அதே காரணம்தான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

தினசரி லாட்டரிக்கு வருவோம். வியாழக்கிழமை ஏற வேண்டும் என்றால் செவ்வாய்க்கிழமை விண்ணப்பிக்க வேண்டும், பசிபிக் நேரப்படி நள்ளிரவு 12 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள். அன்று இரவே மின்னஞ்சல் வந்துவிடும். விண்ணப்பத்துக்கு 10 டாலர், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. கிடைத்தால் தலைக்கு இன்னொரு 10 டாலர். நாங்கள் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் போட்டுக் கிடைக்கவில்லை. செவ்வாய் போட்டதில் கிடைத்தது. ஆக நாலு விண்ணப்பம், நாலு பெர்மிட், மொத்தம் 80 டாலர். ஒரு முக்கியமான விஷயம், ஒரே ஆள் ஒரே லாட்டரியில் இரண்டு விண்ணப்பத்தில் தலைவராக இருந்தால் எல்லாமே ரத்தாகிவிடும், அந்தக் குறுக்குவழியில் போகாதீர்கள்.

இங்கே ஒரு ஏமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். யாராவது பெர்மிட்டை ரத்து செய்தால் உடனே போனில் மணி அடித்துச் சொல்கிற செயலிகள் நிறைய வந்திருக்கின்றன. அதில் ஒன்றுக்கு நான் முழு சீசனுக்கும் பணம் கட்டினேன், பெயர் வேண்டாம். ஹாஃப் டோமுக்கு அது ஒரு முறைகூட அடிக்கவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஹாஃப் டோமில் ரத்தாகிற இடங்கள் தளத்தில் திரும்ப விற்பனைக்கு வருவதில்லை, அவற்றைக் கணக்கில் வைத்துத்தான் தினசரி லாட்டரியையே நடத்துகிறார்கள். இல்லாத ஒன்றுக்காக அந்தச் செயலி எனக்காகக் காவல் காத்திருக்கிறது, பட்டியலில் ஹாஃப் டோம் பெயரையும் போட்டு வைத்திருக்கிறார்கள், அது சரியில்லை. கலிபோர்னியாவிலேயே இருக்கிற மவுண்ட் விட்னி மாதிரி, ரத்தான இடங்கள் திரும்ப வருகிற மலைகளுக்கு அப்படிப்பட்ட செயலி உதவும். எந்த மலைக்குப் போகிறீர்களோ அங்கே ரத்தான பெர்மிட் எங்கே போகிறது என்று படித்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

சரி, பெர்மிட் கிடைக்குமா என்றே தெரியாமல் எப்படிப் பயணம் போடுவது? நாங்கள் செய்தது இதுதான்: பெர்மிட் கிடைக்காவிட்டாலும் வந்தது வீண் என்று யாருக்கும் தோன்றாத மாதிரி வாரத்தை அமைத்தோம். அதற்குக் கிளவுட்ஸ் ரெஸ்ட் என்கிற சிகரம் ஒன்றே போதும். டெனாயா ஏரிப் பக்கமிருந்து போய்வர ஏறக்குறைய 14 மைல், ஒரே நாளில் ஏறி இறங்கப் பெர்மிட் தேவையில்லை. 9,926 அடி, அதாவது ஹாஃப் டோமைவிட ஆயிரம் அடிக்கும் மேல் உயரம். கடைசியில் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஒடுக்கமான பாறை முதுகு மேல் நடந்து உச்சிக்கு வந்தால், எந்தப் பாறைக்காக இரண்டு வருடம் ஏங்கினோமோ அது கீழே தெரிகிறது. செவ்வாய்க்கிழமை காலை விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேதான் போனோம். மேலே உட்கார்ந்திருந்தபோது என் மனைவி, "இன்னிக்கும் கிடைக்கலைன்னா பரவாயில்லப்பா, எனக்கு இதுவே போதும்" என்றாள். இரவு அறைக்கு வந்து போனைத் திறந்தால் மின்னஞ்சல் வந்திருந்தது. பக்கத்து அறைக் கதவைத் தட்டி நண்பர்களை எழுப்பினோம்.

தினசரி லாட்டரியில் எனக்குப் பிடிக்காத இடமும் அதுதான், அந்த ஒரு மதிப்பெண் குறைந்ததும் அதனால்தான். முடிவு தெரிய இரவாகிவிடுகிறது, நடுவில் ஒரே ஒரு நாள்தான். தொலைவிலிருந்து விமானத்தில் வருகிறவர்களால் அதற்குள் வந்து சேர்வது கஷ்டம், ஏற்கெனவே பக்கத்தில் வந்து தங்கியிருப்பவர்களுக்குத்தான் இது கைகொடுக்கும். எங்களுக்கு அந்த ஒரு நாள் ஓய்வாக அமைந்தது, முழங்காலுக்கு அது தேவையாகவும் இருந்தது.

வியாழக்கிழமை இருட்டோடு, பாதை தொடங்குகிற ஹாப்பி ஐல்ஸிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். மிஸ்ட் டிரெயில் வழியாக வெர்னல், நெவாடா இரண்டு அருவிகளையும் தாண்டி, போய்வர 14 மைலுக்கு மேல், ஏற்றம் மட்டும் 4,800 அடி. ஹாஃப் டோமுக்கு முன்னால் வருகிற சின்னப் பாறைக் குன்றான சப் டோம் அடியில் ரேஞ்சர் பெர்மிட்டில் இருந்த பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மேலே சிக்னலை நம்ப முடியாது, பெர்மிட்டை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 400 அடி இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். 1919 முதல் அங்கே வடம் இருக்கிறது. அத்தனை வருடம் கால் பட்டுப் பட்டு நடுவில் பாறை வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஷூ வைத்த இடத்தில் நிற்காமல் மெல்ல நழுவும். சில அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை, அதில் இரண்டு காலையும் ஊன்றி நின்று மூச்சு வாங்கி, அடுத்த கட்டையை மட்டும் பார்த்து ஏறினேன். உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை இல்லாமல் போகவே வேண்டாம். முடிந்ததும் அதை அங்கே விட்டுவிட்டும் வர வேண்டாம். வானம் கறுத்தால் பெர்மிட் கையில் இருக்கிறதே என்று பார்க்காமல் திரும்பிவிடுங்கள், ஈரப் பாறையும் மின்னலும்தான் அங்கே உயிரை எடுப்பவை.

எண்ணிப் பார்த்தேன், நாங்கள் ஏறும்போது வடத்தில் எங்களுக்கு முன்னால் பதினொரு பேர்தான். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. எதிரே இறங்கி வந்த ஒரு வயதான அம்மா ஒதுங்கி நின்று எங்கள் நாலு பேரையும் ஏற விட்டுவிட்டுத்தான் இறங்கினார். 2010-இல் பெர்மிட் கொண்டுவந்ததே வடத்தில் நெரிசல் தாங்கவில்லை என்பதால்தான். அந்த 300 என்ற எண் மேல் எனக்கு இருந்த வருத்தம் அந்த வடத்திலேயே போய்விட்டது.

அடுத்தது விட்னி. மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு, ஒரே நாளில் ஏறி இறங்குவதற்கு 100 பேர், இரவு தங்குவதற்கு 60 பேர், பிப்ரவரியில் லாட்டரி திறக்கும். இந்த முறை ஒரு சனிக்கிழமைகூடப் போடப் போவதில்லை, செப்டம்பர் செவ்வாய், புதன்களாகப் பார்த்து நாலு பேரும் இப்போதே லீவு சொல்லிவிட்டோம்.