போக்கர் ‘ஸ்டார்ட்டிங் ஹேண்ட்’ பயிற்சி என்று வலை வீசினால் உஷார்

போக்கர் கற்றுத் தருகிறேன் என்று குழுவில் சேர்த்துக் காசு பார்க்கும் ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டணம் கட்டி, பாடம் முழுவதையும் பார்த்துவிட்டு, சில கேள்விகள் கேட்டதற்காகக் குழுவிலிருந்து தூக்கப்பட்டவன் நான். பெயரைப் போட்டுப் பிரயோஜனமில்லை, அடிக்கடி மாற்றிக்கொள்கிறார்கள். விற்கும் சரக்கு மட்டும் அதேதான், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சரக்கு என்பது ஓர் அட்டவணை. டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டுகளை (இதுதான் ‘ஸ்டார்ட்டிங் ஹேண்ட்’) 169 வகையாகப் பிரிக்கலாம்: 13 ஜோடி, ஒரே சின்னத்தில் 78, வேறு வேறு சின்னத்தில் 78. இந்த 169-க்கும் ஒவ்வொரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஜெயிக்கும் வாய்ப்பு என்று ஒரு சதவீதம், பின்னால் பச்சை அல்லது சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஏஸ் ஜோடிக்கு 85, கிங் ஜோடிக்கு 82, ஒரே சின்னத்து ஏஸ்-கிங்குக்கு 67. கீழே வந்தால் சின்னம் சேராத கிங்-9-க்கு 58, ஏஸ்-2-க்கு 55. விதி ஒன்றே ஒன்று: “50-ஐத் தாண்டினால் பச்சை, பச்சை என்றால் ஆடு.”

இதில் ஏமாற்று எங்கே என்றால், எண்கள் எதுவும் பொய்யில்லை. எங்கே சரிபார்த்தாலும் அதே எண்கள்தான் வரும். எந்த நிலைமைக்கான எண்கள் என்பதை மட்டும் மறைத்துவிட்டார்கள். எதிரில் ஒரே ஒரு ஆள், அவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு, இருவரும் மடக்காமல் (கையைக் கைவிடாமல்) மேசையில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் விழும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பாடமோ ஒன்பது பேர் மேசைக்கு. வீடியோவில் ஓடுவதும் ஒன்பது பேர் மேசைதான். அட்டவணையின் எந்த மூலையிலும் “ஓர் எதிராளிக்கு” என்று ஒரு வார்த்தை கிடையாது.

அதனால் என்ன ஆகும்? ஏஸ் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எதிராளி என்றால் 85%. இரண்டு பேர் கடைசிவரை வந்தால் சுமார் 73. மூன்று பேர் என்றால் 64, நான்கு பேர் என்றால் 56. எட்டுப் பேரும் மடக்காமல் வந்தால் சுமார் 35-தான் மிச்சம். இருக்கிறதிலேயே நல்ல கைக்கு இந்த கதி. அதற்காக ஏஸ் ஜோடி மோசம் என்று அர்த்தமில்லை, ஒன்பது பேரில் சராசரிப் பங்கு 11% என்னும்போது 35 என்பது பிரமாதமான எண். ஆனால் ‘85’ என்று மனதில் பதிந்தவருக்கு அது தோற்கும் ஒவ்வொரு தடவையும் துரதிர்ஷ்டமாகத்தான் தெரியும். பயிற்சியாளரும் அதையேதான் சொல்வார்: “பேட் பீட் ப்ரோ, வேரியன்ஸ். அடுத்த கைக்குப் போங்க.”

பச்சைக் கட்டங்களின் அடிப்பகுதிதான் பெரிய பள்ளம். ஓர் எதிராளிக்கு எதிரே 50-ஐத் தாண்டு என்றால் ஏறக்குறைய பாதிக் கைகள் தாண்டிவிடும், குயின்-7 கூட உள்ளே வந்துவிடும். ஒன்பது பேர் மேசையில் பாதிக் கைகளை ஆடுகிறவரைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். எதிரே பணத்தைப் போடுகிறவர் ‘ஏதோ இரண்டு சீட்டு’ வைத்துக்கொண்டு போடுவதில்லை, தேர்ந்தெடுத்த கையோடு போடுகிறார். நம்மிடம் கிங்-9, அவரிடம் ஏஸ்-கிங் என்றால் நமக்குக் கிங் விழுந்தாலும் அவருக்கும் அதே கிங், பக்கத்தில் ஏஸ் வேறு. அட்டவணையின் 58 அந்த இடத்தில் 26 பக்கம் வந்துவிடும். ஏஸ்-2-ம் இதே கதைதான். ஒரே சீட்டு இருவரிடமும் இருந்து, பக்கத்துச் சீட்டு அவருக்குப் பெரிதாக இருக்கிற இந்த ‘ஆதிக்க’க் கணக்கைச் சொல்லாமல் ஸ்டார்ட்டிங் ஹேண்ட் பாடம் என்று ஒன்று இருக்கவே முடியாது. இவர்கள் பாடத்தில் அது இல்லை. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், முன்னாலேயே யார் பந்தயத்தை ஏற்றியிருக்கிறார் என்பதும் இல்லை.

ஒரே சின்னத்துச் சீட்டுகள் என்றால் இவர்களுக்குத் தனிப் பாசம். “சூட்டட் வந்தா விடாதீங்க.” ஃப்ளாப்பிலேயே (முதல் மூன்று பொதுச் சீட்டிலேயே) ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) விழுவது 119 தடவைக்கு ஒன்று. ரிவர் எனும் ஐந்தாவது பொதுச் சீட்டுவரை போனாலும் சுமார் 6.5%. ஏஸ்-கிங்குக்கு ஒரே சின்னம் கூட்டித் தருவது 65-ஐ 67 ஆக்குவது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ‘ஏஸ் மீட்டர்’. கூடுதல் கட்டணத்துக்குத் தரும் ஒரு செயலி. கடைசியாக ஏஸ் ஜோடி வந்து எத்தனை கை ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். திரையின் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று, 150-ஐத் தாண்டியதும் ஆரஞ்சு, 200-ஐத் தாண்டியதும் சிவப்பாகித் துடிக்கும். கீழே ‘நெருங்கிவிட்டது’ என்று எழுத்து ஓடும். மேசையை விட்டு எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்?

இது சுத்தப் பித்தலாட்டம். 52 சீட்டில் இரண்டை எடுக்க 1326 வழி, அதில் ஏஸ் ஜோடி 6 வழி. அதனால்தான் 221-க்கு ஒன்று. ஒவ்வொரு கைக்கும் சீட்டுக்கட்டு புதிதாகக் கலைகிறது. போன 220 கை எப்படிப் போயிற்று என்று அதற்கு ஞாபகம் இருக்காது. ஏஸ் ஜோடி என்ன, கால அட்டவணை வைத்து வரும் பேருந்தா? 221 கை ஆடியும் ஒரு தடவைகூட வராமல் போக 37% வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கணக்கைக் குழுவில் போட்டேன். பதிவு நீக்கப்பட்டது. திரும்பப் போட்டேன். “நெகட்டிவிட்டி வேண்டாம்” என்று ஒரு குரல் பதிவு வந்தது, அதில் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தெரியாமல் சொல்லித் தருகிறார்கள் என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் பயிற்சிக்கு அவர்கள் கொடுக்கும் தளத்தின் இணைப்பைத் திறந்தால், பதிவுப் படிவத்தில் ஒரு பரிந்துரைக் குறியீடு ஏற்கெனவே நிரப்பியிருக்கும், அழிக்க முடியாது. அதே தளத்தின் ‘கூட்டாளிகள்’ பக்கத்தைப் படித்தேன். ஒவ்வொரு கையிலும் சேரும் பந்தயப் பணத்திலிருந்து தளம் எடுக்கும் கமிஷனில் (ரேக்) ஒரு பங்கு, ஆளைக் கூட்டிவந்தவருக்கு. நாம் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்குக் கவலையில்லை, நிறையக் கைகள் ஆடினால் போதும். பாதிக் கட்டம் ஏன் பச்சை, மீட்டர் ஏன் துடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது” என்றார்கள். விற்பனைப் பக்கத்தில் இருந்த ‘திருப்தி இல்லையேல் பணம் வாபஸ்’ வரி மறுநாள் காணாமல் போயிருந்தது. நல்லவேளை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதை இணைத்து, பணம் செலுத்திய அட்டை நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்படி யாராவது அட்டவணையை நீட்டினால் காசு கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இந்தச் சதவீதம் எத்தனை பேருக்கு எதிரே, அவர்கள் கையில் எந்த மாதிரிச் சீட்டு என்று வைத்துப் போட்டது? ஒழுங்காகச் சொல்லித்தருகிறவர் உடனே பதில் சொல்வார், அந்தக் கேள்வி கேட்டதற்குச் சந்தோஷப்படுவார். இன்னொன்று, எதிராளிகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற ஈக்விட்டி (ஜெயிக்கும் வாய்ப்பு) கால்குலேட்டர்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏஸ்-2-ஐப் போட்டு, எதிராளியை ஒன்றிலிருந்து எட்டுவரை ஏற்றிப் பாருங்கள். அவர்கள் காசு வாங்கிக்கொண்டு மறைப்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. வேறு யாராவது இவர்களிடம் கட்டியிருந்தால் ரசீதையும் விற்பனைப் பக்கத்தின் படத்தையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.