இலங்கை மலையகத்தில் ரேஞ்ச் ரோவர் கிளாசிக்: நாள்பட ஓட்டும்போது தெரிவது

1970 ஜூனில் வெளிவந்த முதல் ரேஞ்ச் ரோவரில் (இன்று ‘கிளாசிக்’ என்று சொல்வது இதைத்தான்) இருக்கைகளுக்கு வைனில் உறை, தரைக்கு ரப்பர். சேற்றுக் காலோடு ஏறி இறங்கிவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். அதை வடிவமைத்த பொறியியலாளர்கள் ஸ்பென் கிங்கும் கோர்டன் பாஷ்ஃபோர்டும் சொகுசை அடிப்பாகத்தில் வைத்தார்கள்: நான்கு சக்கரங்களுக்கும் காயில் ஸ்பிரிங், நான்கிலும் டிஸ்க் பிரேக், எந்நேரமும் நான்கு சக்கர இழுவை, அமெரிக்க பியூக் நிறுவனத்திலிருந்து வந்த 3.5 லீட்டர் அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின். லீஃப் ஸ்பிரிங் லேண்ட் ரோவரில் தோட்டப் பாதை ஏறி இடுப்பு நொந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. நான்கு கதவு 1981இலும், ஆட்டோமேட்டிக் 1982இலும், காயிலுக்குப் பதில் காற்றுப் பை வைத்த எயார் சஸ்பென்ஷன் சில மாடல்களில் 1992இலும் வந்தன. 1996இல் உற்பத்தி நிற்கும்வரை அந்த அடிப்படை மாறவில்லை. இன்றும் இந்த வண்டியை விடாமல் வைத்திருக்கச் செய்வது அதுதான். தொல்லைகளில் சில பிற்காலத்தில் சேர்த்த பாகங்களிலிருந்து வருகின்றன.

மலையில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது ஹேண்ட் பிரேக். அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை. எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால், பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. சரிவில் டயர் மாற்றப் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கினால், தூக்கிய சக்கரம் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) வழியாகச் சுழன்றுவிடும். தரையில் உள்ள மற்றப் பின் சக்கரத்தைப் பிரேக் பிடிக்காது, வண்டி நகரும். லீவர் உள்ள மாடலில் முன், பின் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டும் சென்டர் டிஃப் லொக்கைப் போட்டு, தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கல் அல்லது கட்டை வைத்த பிறகே ஜாக்கைத் தொட வேண்டும். பழகிய ஜீப் டிரைவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் லொக்கை எடுத்துவிடுங்கள். வளைவில் ஷாஃப்டுகள் முறுக்கேறும்.

ரம்பொடை, கினிகத்தேனை மலைச் சாலைகளில் இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் பிரேக் ஒயில் கொதித்து பெடல் தளர்ந்துபோகும். பழைய ஒயில் ஈரத்தை உறிஞ்சியிருப்பதே காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். செங்குத்தான தோட்டப் பாதையில் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ ரேஞ்ச் (தாழ் கியர் வரிசை) போட்டு இறங்குங்கள், அதன் கியர் விகிதம் ஏறக்குறைய 3.3க்கு 1, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

வி8 சூடாவதற்கு மலையகத்தில் தனிக் காரணம் உண்டு. நுவரெலியா உயரத்தில் திறந்த தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும். 88 பாகையில் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் பூட்டிய எஞ்சினில் மிச்சம் வெறும் ஆறு பாகை. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் இடைவெளியைக் கூட்டுகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கொழும்பில் தாக்குப்பிடிக்கும் எஞ்சின் இங்கே கொதிக்கும், அடுத்து எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போகும். ரேடியேட்டரைப் பிரிப்பதற்கு முன் மலிவான மூடியை மாற்றிப் பாருங்கள். கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும்.

துருதான் இந்த வண்டியின் எமன். வெளித் தகடுகளில் பெரும்பாலானவை அலுமினியம், உள்சட்டம் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் பனியும் மழையும் தங்கினால் அரிப்பு தொடங்கும். கால்மிதிகளைத் தூக்கித் தரையைப் பாருங்கள், பின் கதவின் கீழ்விளிம்பைத் தட்டிப் பாருங்கள்.

எயார் சஸ்பென்ஷன் உள்ள வண்டி காலையில் ஒரு பக்கம் சரிந்திருந்தால், பையிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று தேடுங்கள். கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடித் தேய்ந்துவிடும். இந்தப் பாதைகளுக்குக் காயிலுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

1980களின் கடைசியிலிருந்து வந்த போர்க் வோர்னர் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் விஸ்கஸ் கப்ளிங் (தடித்த திரவத்தால் முன், பின் ஷாஃப்டுகளைத் தானாக இணைக்கும் பாகம்) இருக்கிறது; டிஃப் லொக் லீவர் கிடையாது. அதைச் சோதிக்க, சமதளத்தில் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, முன் சக்கரம் ஒன்றைத் தூக்குங்கள். நீண்ட லீவரால் அழுத்தினால் சக்கரம் மெதுவாகச் சுழல வேண்டும். அசையவே இல்லை என்றால் கப்ளிங் இறுகிவிட்டது. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்று வைத்திருந்தால் கப்ளிங் நீண்ட நாள் உழைக்கும்.

வாங்குவதானால் 1992க்குப் பிந்திய டிடிஐ (டர்போ) டீசல், காயில் ஸ்பிரிங்கோடு. லேண்ட் ரோவரின் இன்னொரு மாடலான டிஸ்கவரியின் அதே எஞ்சின் என்பதால் லேண்ட் ரோவர் தெரிந்த கராஜ்காரர் யாரும் கைவைப்பார். டர்போ இருப்பதால் உயரத்திலும் இழுவை அதிகம் குறையாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே மாற்றிவிடுங்கள்.