டெனர் பேஞ்சோவுக்குத் தந்தி: ஆறு வருஷம் வாங்கி, மாற்றி, அறுத்த அனுபவம்

2019ல் டப்ளினில் இருந்து மச்சான் ஊருக்கு வந்தபோது ஒரம்பரை எல்லாம் சாக்லேட்டுக்குக் காத்திருக்க, "மாப்ள, இது உனக்கு" என்று ஒரு கறுப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே பறைக்குக் கழுத்து முளைத்த மாதிரி ஒன்று. நாலு தந்தி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டு, அதாவது ஃப்ரெட், 19. நட்டில் (கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் பள்ளக் கட்டை) இருந்து பிரிட்ஜ் (தோல்மேல் தந்தியைத் தாங்கும் கட்டை) வரை இருபத்திரண்டரை அங்குலம். டெனர் பேஞ்சோ. காலேஜில் மாண்டலின் கொஞ்சம் தட்டியிருக்கிறேன், அந்த தைரியத்தில் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்று வரை பதினைந்து தடவைக்குக் குறையாமல் தந்தி மாற்றியிருப்பேன், அதில் முதல் நாலு தடவை வாங்கியது அத்தனையும் தண்டச் செலவு. திருப்பூர், கோவை பக்கம் வேறு யாராவது இந்தக் கருவியை வைத்துக்கொண்டு முழிக்கிறீர்கள் என்றால் அந்த நாலு செலவும் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதல் தடவை கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "ஏனுங்க, பேஞ்சோ ஸ்ட்ரிங் இருக்குங்களா?" என்றேன். "இருக்குதுங்க, முழு செட்டே இருக்குது" என்று பளிச்சென்று பதில் வந்தது, எனக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வந்து பிரித்தால் எல்லாம் நூல் மாதிரி மெல்லிய கம்பிகள். அது புல்புல்தாரா தந்தி. டைப்ரைட்டர் மாதிரி கட்டை வைத்து வாசிப்பார்களே அது, 1912ல் ஜப்பானில் நாகோயாவில் உருவான தாய்ஷோகோட்டோ நம் நாட்டுக்கு வந்து புல்புல்தாரா ஆனது, அதைத்தான் இங்கே பல பேர் பேஞ்சோ என்கிறார்கள். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அடுத்தது ஆன்லைன். "பேஞ்சோ ஸ்ட்ரிங்" என்று தேடினால் வருவதில் முக்கால்வாசி ஐந்து தந்தி பேஞ்சோவுக்கானது, அமெரிக்காவில் ப்ளூகிராஸ் என்கிற நாட்டுப்புற இசை வாசிக்கிறவர்கள் வைத்திருப்பது. படத்தில் பேஞ்சோ இருந்தது, ஆர்டர் போட்டுவிட்டேன். அந்த செட்டில் தடித்த தந்தியே 20தான். என் கருவியில் அடித் தந்திக்கு, அதாவது சுதி குறைந்த தந்திக்கு, அதைப் போட்டால் கொடியில் காயும் ஈரப் புடவை மாதிரி தொங்குகிறது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விற்றவர் கைவிரித்துவிட்டார், உறை பிரித்தாகிவிட்டதாம்.

இந்த 20, 12, 36 என்கிற எண்களிலும் எனக்கு ஒரு கோளாறு நடந்தது, அது தொழில் கோளாறு. நான் இருப்பது நிட்டிங் தொழிலில். எங்களுக்கு 24 கேஜ் மிஷின் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி, எண் ஏற ஏறத் துணி நைசாகும். நூல் கவுண்டும் அப்படியே, 30ஸை விட 40ஸ் மெல்லிசு. தந்திக்கும் கேஜ் என்று போட்டிருந்ததைப் பார்த்து, கீழே தொளதொளவென்று இருக்கும் தந்திக்குத் தடித்தது வேண்டும் என்று சின்ன எண்ணாகப் பார்த்து ஒற்றைத் தந்தி ஆறு வாங்கினேன். வந்தது மயிரிழை! தந்தியில் எண் என்பது நேரடியாகத் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 12 என்றால் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். 36 என்றால் 0.91 மில்லிமீட்டர். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் மைக்ரோமீட்டரில் வைத்துக் காட்டிய பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

சரி, எந்தத் தடிமன் வாங்குவது? அதற்கு முதலில் என்ன சுதி வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். டெனர் பேஞ்சோவுக்கு ரெண்டு சுதி புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, பழைய ஜாஸ் காலத்தில் இருந்து வருகிற சி-ஜி-டி-ஏ (நாலு தந்திக்கும் மேல்நாட்டு ஸ்வரப் பெயர்கள்), வயோலாவின் சுதி. இன்னொன்று அயர்லாந்துக்காரர்கள் வைக்கும் ஜி-டி-ஏ-இ, வயலினுக்கும் மாண்டலினுக்கும் ஒரு ஸ்தாயி கீழே. தி டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா வாசித்து வாசித்துத்தான் அங்கே இது பரவியது என்பார்கள். மாண்டலின் விரல் பழக்கம் இருந்ததால் எனக்கு ரெண்டாவதுதான் சௌகரியம். சிக்கல் எங்கே என்றால், கடையில் வெறுமனே டெனர் பேஞ்சோ செட் என்று வருவது பெரும்பாலும் முதல் சுதிக்கானது, 9ல் ஆரம்பித்து 30ல் முடியும். அதை வாங்கி ஐரிஷ் சுதிக்கு இறக்கினால் நாலு தந்தியும் தளர்ந்துபோகும், ஒவ்வொரு அடியிலும் சுதி கொஞ்சம் ஏறி இறங்கும், ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும்.

எவ்வளவு தளரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லாத மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேல் தந்தி ஏ, நொடிக்கு 440 அதிர்வில் இருந்து இ 330க்கு வருகிறது, முக்கால் பங்கு. மற்ற மூன்றும் இதே அளவுதான் இறங்குகின்றன. நீளமும் தந்தியும் மாறாதபோது இழுவை அதிர்வின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், அப்படியென்றால் பதினாறில் ஒன்பது பங்கு. பாதியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது, அவ்வளவுதான். பழைய இழுவை திரும்ப வேண்டும் என்றால் தடிமனை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 9 இருந்த இடத்தில் 12, 30 இருந்த இடத்தில் 40. டடாரியோ கம்பெனி ஐரிஷ் டெனர் என்றே தனியாக ஒரு செட் போடுகிறது, 12 முதல் 36 வரை. மச்சான் அடுத்த தடவை வந்தபோது அதில் மூன்று வாங்கி வந்தார். அருமையான தந்தி, மேல் மூன்றும் குறை சொல்ல முடியாது, ஆனால் அடித் தந்தி 36 எனக்குக் கொஞ்சம் தளர்ச்சி. மேலே போட்ட கணக்கும் 40 என்றுதானே சொல்கிறது. கருவி 17 ஃப்ரெட் குட்டை ரகமாக இருந்தால் இன்னும் தளரும், அதற்கு இன்னும் ஒரு சுற்றுத் தடித்தது வேண்டும். வாங்கும் முன்னால் டேப் வைத்து நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை அளந்துவிடுங்கள்.

மூன்று செட்டும் தீர்ந்தது 2020ல், ஊரே பூட்டிக் கிடந்த நேரம். வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாம் என்று பார்த்தால் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து தந்தி விலையைத் தாண்டியது. அப்போதுதான் கிதார் தந்தியை யோசித்தேன். எலக்ட்ரிக் கிதாருக்கு, தடித்த தந்திகளின்மேல் நிக்கல் கம்பி சுற்றிய செட், 11 முதல் 49 வரை என்று ஒன்று வரும்: 11, 14, 18, 28, 38, 49. அதில் 11, 18, 28, 38 நாலையும் எடுத்தால் கிட்டத்தட்ட நமக்கு வேண்டியதே வந்துவிடுகிறது. நான் 11ஐ ஒதுக்கிவிட்டு ஒற்றையாக 12 வாங்கிப் போடுகிறேன், 11 எனக்கு விரலுக்கடியில் கீச்சென்று இருக்கிறது.

கிதார் தந்தியின் முனையில் சின்னப் பித்தளை உருளை இருக்கும், பால் எண்டு என்பார்கள். பேஞ்சோவின் டெயில்பீஸில், அதாவது தந்தியின் அடிமுனையை மாட்டும் இடத்தில், கொக்கிதான் இருக்கிறது, கண்ணி முனை வேண்டும், லூப் எண்டு. சில டெயில்பீஸ் ரெண்டையும் ஏற்கும், என்னுடையது ஏற்காது. வழி இருக்கிறது: கட்டிங் ப்ளேயரால் அந்தப் பித்தளை உருளையை மட்டும் பிடித்து மெதுவாக நெரித்தால் அது உடைந்து வெளியே வந்துவிடும், தந்தி அதைச் சுற்றியிருந்த கண்ணி அப்படியே நிற்கும். கொக்கியில் மாட்ட வேண்டியதுதான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு துண்டு தெறித்துக் கன்னத்தில் பட்டது. அப்புறம், ப்ளேயர் வாய் தந்திமேல் லேசாகப் பட்டால்கூட அந்த இடத்தில் அறுந்துவிடும். மெல்லிய 12ல் ரெண்டு தடவை முறுக்கு அவிழ்ந்து கண்ணி நழுவியது, இப்போது முறுக்கின்மேல் ஒரு பொட்டு ஈயம் வைத்துவிடுகிறேன், அதற்குப் பிறகு நழுவவில்லை.

மாண்டலின் தந்தி லூப் எண்டுதானே, எட்டுத் தந்தியில் ரெண்டு செட் தேறுமே என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். நீளம் பற்றவில்லை. முறுக்காணிக்கு ரெண்டு விரற்கடை முன்னாலேயே முடிந்துபோனது.

தடித்த தந்திக்கு மாறும்போது செட்டில் எழுதியிராத ஒரு வேலை இருக்கிறது, நட்டில் உள்ள வெட்டு. 30க்கு வெட்டிய பள்ளத்தில் 38 இறங்காது, விளிம்பில் சிக்கி நிற்கும். சுதி கூட்டும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதுதான். லேத் அண்ணனிடம் ஊசி அரம் வாங்கி நானே தேய்த்தேன், ஒரு இழுப்பு அதிகமாகிப் பள்ளம் ஆழமாகி, தந்தி முதல் ஃப்ரெட்டில் உட்கார்ந்துவிட்டது. அதற்கும் வைத்தியம் உண்டு: பள்ளத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா, மேலே ஒரு சொட்டு ஃபெவிகுவிக். கல்லாக இறுகும். காய்ந்ததும் மறுபடி அரம் போட்டேன், இந்தத் தடவை ஒவ்வொரு தேய்ப்புக்கும் தந்தியை வைத்துப் பார்த்து. நாலு வருஷமாகிறது, அப்படியே இருக்கிறது.

தந்தி அறுவது பற்றி ஒன்று. நடுவில் ஒரு மாதம் ஆசைப்பட்டு சி-ஜி-டி-ஏ வைத்துப் பார்த்தேன், மேல் தந்திக்கு 10 போட்டு ரெண்டு தடவை அறுந்தது. தடித்தது போட்டால் தாங்கும் என்று கையில் இருந்த 12ஐப் போட்டு அதே ஏவுக்கு ஏற்றினேன். அதுவும் போனது, போகும் முன்னால் பிரிட்ஜை வேறு அழுத்திக் குழியாக்கியது. லேத் அண்ணன் சிரித்துவிட்டார். "கண்ணு, தடிமன் கூடுனா இழுக்கற பாரமும் கூடுதில்ல? கம்பி மேல விழற சுமை அதேதான்." உண்மைதான். என் அளவுக்கு 9ல் ஏறக்குறைய 18 பவுண்டு இருக்கும் இழுவை 12ல் 32க்குப் போகிறது, குறுக்குவெட்டும் அதே விகிதத்தில் கூடுகிறது, அதனால் சதுர அங்குலத்துக்கு விழும் சுமை மாறுவதில்லை. அறுவதைத் தீர்மானிப்பது சுதியும் நீளமும்தான். கடைசியில் பார்த்தால் டெயில்பீஸ் கொக்கியில் ஒரு பிசிறு, அதில்தான் மூன்றும் அறுந்திருக்கிறது. உப்புத்தாள் ரெண்டு நிமிஷம், தீர்ந்தது.

எத்தனை நாள் உழைக்கும்? சுற்றில்லாத தந்திகள் ஆடி மாதக் காற்றிலும் சாரலிலும் சீக்கிரம் கறுக்கின்றன. சுற்றுத் தந்திக்கு என் இடத்தில் வேறொரு எதிரி, பஞ்சு. கம்பெனி ஆபீஸ் ரூமில்தான் பேஞ்சோ தொங்கும். மிஷின் ஓடும் இடத்தில் பறக்கும் பஞ்சுத்தூசி சுற்றின் இடுக்கில் போய் உட்கார்ந்து, விரல் வியர்வையோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். மூன்றே வாரத்தில் அடித் தந்தி துணி சுற்றிய கம்பி மாதிரி தட் தட் என்று பேசும். ஒரு தந்தியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், ஃப்ரெட் படும் இடங்களில் மட்டும் பளபளப்பு, நடுவில் எல்லாம் சாம்பல் நிற ரோமம். இப்போது பெட்டிக்குள் வைக்கிறேன், வாசித்து முடித்ததும் பனியன் வேஸ்ட்டால் ஒவ்வொரு தந்தியாக அடியிலும் மேலும் துடைக்கிறேன். வேஸ்ட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா. நாலைந்து மாதம் நன்றாகப் போகிறது. கோட்டிங் போட்ட விலையுயர்ந்த தந்தியும் ஒரு முறை பார்த்தேன், நாள் கூடத்தான் வந்தது, ஆனால் பேஞ்சோவுக்கு உரிய அந்தத் துள்ளல் முதல் நாளே கொஞ்சம் மங்கலாகப் பட்டது. பாஸ்பர் பிரான்ஸ் சுற்றியதும் எனக்குச் சரிப்படவில்லை, நிக்கலே போதும்.

மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பேஞ்சோ பிரிட்ஜ் ஒட்டியதில்லை, தந்தியின் அழுத்தத்தில் தோல்மேல் நிற்கிறது, நாலையும் ஒன்றாக அவிழ்த்தால் கீழே விழும், அப்புறம் அதை எங்கே நிறுத்துவது என்று ஒரு சாயந்தரம் முழுக்கத் தேட வேண்டிவரும். பென்சிலால் தோலில் ரெண்டு புள்ளி வைத்துவிட்டால் நிம்மதி. தடிமன் மாறினால் புள்ளியும் கொஞ்சம் நகரும்: 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வரும் சத்தமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு வரும் சத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து நகர்த்துங்கள்.

இப்போது என் வாடிக்கை இதுதான்: கிதார் செட் ஒன்று, கடைசியாக வாங்கியபோது எழுநூறு ரூபாய்க்குள், கூட ஒற்றை 12 ரெண்டு. 38க்குப் பதில் 40 ஒற்றையாகக் கிடைக்குமா என்று கோவையில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். கடைக்காரர் எண்ணை எழுதிக்கொண்டார், பேஞ்சோ என்ற வார்த்தைக்கு நான் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு செட்டிலும் மிஞ்சும் 14ஆம் எண் தந்தியை அம்மா வாங்கிவைத்துக்கொள்கிறார், தோட்டத்தில் அவரைப் பந்தல் மூங்கில் முடிச்சு எல்லாம் இப்போது அதில்தான்.