மாணவரை நெருங்கக் கற்றுத்தரும் ஓர் இணையவழிப் பயிற்சி: ஆசிரியர் பார்வையில் ஒரு மதிப்பீடு

‘மாணவரோடு நல்லுறவு’ என்ற தலைப்பில் நடக்கும் பணியிடைப் பயிற்சிகள் பெரும்பாலும் ஊக்கச் சொற்பொழிவாகவே முடிந்துவிடுகின்றன. அன்பாக இருங்கள், பொறுமையாக இருங்கள் என்பன போன்ற, எவரும் மறுக்க முடியாத, ஆனால் மறுநாள் முதல் பாடவேளையில் எவருக்கும் உதவாத அறிவுரைகளைக் கேட்டுவிட்டுக் கையொப்பமிட்டு வெளியேறுவதே நம்மில் பலரின் அனுபவம். அண்மையில் நான் முடித்த இணையவழிப் பயிற்சி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதன் குறைகளையும் இங்கே சொல்லப்போவதால் நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதையொத்த பயிற்சி எதில் சேர நினைப்பவருக்கும் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

பயிற்சியின் அமைப்பே அதன் முதல் பலம். ஒவ்வோர் அலகிலும் ஒரு குறுங்காணொளியும், வகுப்பறையில் செய்துபார்க்க வேண்டிய ஒரே ஒரு வேலையும் இருக்கின்றன. அந்த வேலையைச் செய்து, என்ன நடந்தது என்று சுருக்கமாக எழுதி அனுப்பிய பிறகுதான் அடுத்த அலகு திறக்கும். ஒரே இரவில் எல்லாக் காணொளிகளையும் ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்கும் வழியை இப்படி அடைத்திருப்பது சிலருக்கு எரிச்சலூட்டலாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மாணவரிடம் நெருங்கிப் பழகுவது சிலருக்கு மட்டும் இயல்பாக வாய்த்த குணம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, பாடக்குறிப்பு எழுதுவதைப் போல அதையும் திட்டமிட்டுச் செய்யும் பணியாகப் பார்க்கவைப்பதே இப்பயிற்சியின் அடிப்படை நோக்கம்.

முதல் அலகு வகுப்பறை வாசலில் தொடங்குகிறது. உள்ளே வரும் மாணவர்களை ஆசிரியர் வாசலில் நின்று பெயர் சொல்லி வரவேற்க வேண்டும் என்பது மிகச் சாதாரணமான யோசனையாகத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி வகுப்புகள் பத்தில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர் பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் 20 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்ததாகவும், இடையூறான நடத்தை 9 புள்ளிகள் குறைந்ததாகவும் கண்டார்கள். அங்கே வணக்கம் மட்டும் சொல்லப்படவில்லை என்பதையும் காணொளி சரியாக எடுத்துக்காட்டுகிறது: உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலையை ஆசிரியர் வாசலிலேயே நினைவூட்டுவதும் அந்த முறையின் பகுதி. மாணவர்கள் ஒரே அறையில் அமர்ந்திருக்க, மணியடித்ததும் ஆசிரியர்தான் வகுப்பு மாறி ஓட வேண்டிய பள்ளிகளில் இதை எப்படிச் செய்வது என்பதற்கு மட்டும் பயிற்சியில் விடையில்லை. பாடம் தொடங்கும் முன் ஒரு வரிசையின் ஊடே நடந்து அந்த வரிசையினரிடம் மட்டும் பேசுவது, மறுநாள் அடுத்த வரிசைக்குப் போவது என்று நானே ஒரு மாற்றுவழி வகுத்துக்கொண்டேன். அதுவும் நன்றாகவே பயனளிக்கிறது.

கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரத்தைப் பற்றிய அலகு சிறியது, ஆனால் கூர்மையானது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை 3 நொடிகளாக நீட்டினால் விடைகள் நீள்கின்றன, ‘தெரியாது’ என்பது குறைகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் வாய் திறக்கிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதினார். உங்கள் பாடம் ஒன்றைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து நீங்களே அளந்துபாருங்கள் என்பதுதான் இந்த அலகின் வேலை. மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் அதேபோலக் காத்திருக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்; தான் சொன்னதை ஆசிரியர் உண்மையிலேயே கேட்டார் என்ற உணர்வை அந்த இரண்டாவது அமைதிதான் தருகிறது.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி பெயர்ப்பட்டியல் பற்றியது. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல், ஒரு வகுப்பு மாணவர்களின் பெயர்களை நினைவிலிருந்து வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாடத்துக்குத் தொடர்பில்லாத ஒரு செய்தியைக் குறிக்கச் சொல்கிறார்கள். முதலில் நினைவுக்கு வருபவர்கள் நன்றாகப் படிப்பவர்களும் நன்றாகத் தொல்லை கொடுப்பவர்களும்தான். கடைசியில் திணறித் திணறி எழுதும் பெயர்களும், எழுதாமலே விட்டுப்போன பெயர்களும் நடுவரிசையில் சத்தமில்லாமல் அமர்ந்து, சராசரி மதிப்பெண் வாங்கி, ஆண்டு முழுவதும் எந்த ஆசிரியரின் கவனத்துக்கும் ஆளாகாமல் போகிறவர்களுடையவை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைச் செய்ய வேண்டும்: தேர்ந்தெடுத்த ஒரு மாணவரோடு நாளுக்கு 2 நிமிடம் வீதம் தொடர்ந்து 10 பள்ளி நாட்கள், பாடம், ஒழுக்கம், மதிப்பெண் ஆகிய மூன்றையும் தொடாமல் பேச வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் விளாட்கோவ்ஸ்கி முன்வைத்த இம்முறையைப் பொதுவாக அடங்காத மாணவர்களுக்கே பரிந்துரைப்பார்கள். இங்கே அதை மறக்கப்பட்ட மாணவர்களுக்கும் விரித்திருப்பதை மிகவும் பாராட்டுகிறேன். முதல் சில நாட்கள் ஒற்றைச் சொல் பதில்களே வரும் என்றும், கேள்விகளை அடுக்கினால் அது விசாரணையாகிவிடும் என்றும், நம்மைப் பற்றியும் ஒரு சிறு செய்தி சொல்வதே உரையாடலைத் திறக்கும் என்றும் காணொளி தரும் குறிப்புகள் வகுப்பில் நின்று பழகியவர் எழுதியவை என்பது தெளிவு.

விடைத்தாளில் எழுதும் குறிப்புகள் பற்றிய அலகும் குறிப்பிடத்தக்கது. பிழைகளைச் சுட்டும்போது, ‘உன்னிடம் நான் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், அதை உன்னால் எட்ட முடியும் என்று நம்புவதால்தான் இவற்றை எழுதுகிறேன்’ என்ற பொருள்பட ஒரு வரி சேர்த்தபோது, ஆசிரியர்மேல் நம்பிக்கை குறைந்திருந்த மாணவர்கள் கட்டுரையைத் திருத்தி எழுத அதிகம் முன்வந்ததை அமெரிக்க உளவியலாளர் டேவிட் யேகர் குழுவினரின் 2014 ஆய்வு காட்டியது. எல்லாத் தாளிலும் ஒரே வரியை எழுதினால் மாணவர்கள் அதை இடைவேளையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கையையும் பயிற்சி சேர்த்திருக்கலாம்.

குறைகள் இல்லாமலில்லை. காணொளிகளில் வரும் வகுப்புகளில் எல்லாம் மாணவர்கள் குறைவு, அறைகள் விசாலமானவை. பல பிரிவுகளுக்குப் பாடமெடுத்து நூற்றுக்கணக்கான முகங்களைச் சந்திக்கும் பாட ஆசிரியர் தம் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பது எங்கும் பேசப்படவில்லை. ஆசிரியரே கோபத்தில் கடுஞ்சொல் சொல்லி உறவு முறிந்தபின் அதை எப்படிச் சீர்செய்வது என்பதற்கு முழு அலகு ஒன்று தேவை. இருப்பதோ சில நிமிடக் காணொளிதான். அதைவிடப் பெரிய குறை, எல்லை எது என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பது. நெருங்கிப் பேசத் தொடங்கினால் சில மாணவர்கள் வீட்டில் நடக்கும் துன்பங்களையும் சொல்வார்கள். அப்போது ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும், பள்ளியின் ஆலோசகரிடமோ தலைமையாசிரியரிடமோ உடனே கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும், தனிப்பட்ட கைப்பேசிச் செய்திகளில் உரையாடலைத் தொடரக் கூடாது என்பதையும் முதல் அலகிலேயே சொல்லியிருக்க வேண்டும். பணியில் புதிதாகச் சேர்ந்தவர் இவற்றை அனுபவத்தில் கற்றுக்கொள்ளட்டும் என்று விடுவது முறையல்ல. ஒவ்வொரு வேலைக்கும் புள்ளிகளும் பதக்கச் சின்னங்களும் வழங்குவது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது, ஆனால் அதனால் தீங்கில்லை.

பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களுக்கும், நீண்ட காலம் கற்பித்துச் சலிப்படைந்தவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாடமெடுக்கவே இன்னும் தொடங்காத ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குச் செய்துபார்க்க வகுப்பே இல்லாததால் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஒரே பள்ளியிலிருந்து இருவர் சேர்ந்து படித்தால், ஒலிப்பதிவையும் பெயர்ப்பட்டியலையும் ஒப்பிட்டுப் பேச முடியும். பதிவு செய்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்காவிட்டால் அலகுகள் பூட்டப்பட்டுவிடுகின்றன என்பதால், தேர்வும் விடைத்தாள் திருத்தமும் நெருக்கும் மாதங்களைத் தவிர்த்துக் கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே சேர்வது நல்லது.