மேடு வைத்த பிஸ்டன்: வாங்கலாமா?

தலையில் மேடு வைத்த ரேசிங் பிஸ்டனின் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே பிஸ்டன் போட்ட என் 125 சிசி மோட்டார் சைக்கிளின் ஹெட்டைக் கழற்றி ரிங் மாற்றிய கையோடு எழுதுகிறேன்.

இழுவையில் குறை சொல்ல முடியாது. ஆனையிறவில் காற்று முகத்தில் அறைந்தாலும் கியர் குறைக்கத் தேவையில்லை. ஆனால், பருத்தித்துறை வீதியில் நண்பகல் வெயிலில் பஸ்ஸின் பின்னால் ஊர்ந்துவிட்டு மேல் கியரிலேயே முறுக்கினால், தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம்! ஒக்டேன் 95 பெற்றோல் ஊற்றினால் குறையும். 92 என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். இக்னிஷன் ரைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்தள்ளினால் சத்தம் அடங்கும். காசு கொடுத்து வாங்கிய இழுவையும் அத்துடன் போய்விடும்.

எல்லாம் அந்த மேட்டினால்தான். பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதே அழுத்த விகிதம். அதை உயர்த்த பிஸ்டனின் தலையில் மேடு வைக்கிறார்கள். பிளக்கில் பற்றிய தீ மறுபக்கம் போவதை அதே மேடு மறிக்கிறது. தீ போய்ச் சேருமுன் மூலையில் நெரிபடும் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. உச்சச் சுழற்சியில் ஓடும் பந்தய எஞ்சினில் அப்படி வெடிக்க அவகாசம் குறைவு. பஸ்ஸின் பின்னால் ஊர்கிறவனுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்த நாளில் இந்தப் பிஸ்டன் ஒரு சந்தியைக்கூடத் தாண்டியிருக்காது.

மேடு இல்லாமலும் அழுத்தத்தை உயர்த்தலாம். பந்தயக் கார்களுக்கான கொஸ்வேர்த் டிஎஃப்வி எஞ்சினில், அதை வடிவமைத்த கீத் டக்வேர்த் வால்வுகளை 32 பாகைக் கோணத்துக்குள் நெருக்கினார். எரி அறையின் ஆழம் குறைந்தது. தட்டையான பிஸ்டனே 11:1 அழுத்த விகிதத்தைக் கொடுத்தது. 1967இல் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் அதை வெற்றிக்கு ஓட்டினார். இன்றும் மேட்டை வைத்து, பெட்டியில் 'ரேசிங்' என்று அச்சடித்து விற்கிறார்கள்!

நியாயத்தையும் சொல்லவேண்டும். என் பிஸ்டனில் வால்வுக்காக வெட்டிய பள்ளங்களின் கூர் விளிம்புகளைக் கராஜ் அண்ணை அரத்தாளால் மழுக்கினார். அப்படிப்பட்ட முனைகள் பழுக்கச் சூடாகி, பிளக்கின் பொறிக்கு முன்பே தீ மூட்டக்கூடியவை. “செய்தவனே இதைத் தேய்த்து அனுப்பியிருக்க வேண்டும், தம்பி” என்றார். சத்தம் இப்போது பாதிதான்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு இது வீண் தொல்லை. பழைய தட்டைப் பிஸ்டனையே திரும்பப் போடட்டுமா என்று அண்ணையும் கேட்டார். புது ரிங்கை இதற்கே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.