ஒழுகும் கேம்பர்: மேலே பூசுவதா, பிரிப்பதா? உள்ளே பிளைவுட்டா, பிவிசியா?

பழைய கேம்பரில், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் பயண வண்டியில், தண்ணீர் சொட்டுகிற இடம் ஒன்று, நுழைகிற இடம் வேறு. தகட்டு இணைப்பில் இறங்கும் நீர் குறுக்குச் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து, சட்டம் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே போய்ச் சொட்டும். என்னுடையதில் கறை படுக்கைக்கு மேலே. ஓட்டை ஒன்றரை மீட்டர் தள்ளி, கூரை ஜன்னலின் ஒரு மூலையில். அது தெரியாமல் கறைக்கு நேர் மேலே ஒரு டியூப் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டு இறங்கினேன். அடுத்த மழைக்கும் அதே தலையணைதான் நனைந்தது.

மழையே பெய்யாத குளிர்ந்த காலையில் ஸ்க்ரூ தலைகளில் மட்டும் துளி நின்றால் அது ஒழுக்கே இல்லை. நம் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்து நிற்பது. அதற்காகக் கூரையைக் கிளற வேண்டாம். உண்மையான ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஹோஸால் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஓர் இணைப்பை மட்டும் நனைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒன்றாக ஒழுகும், எது எதென்று தெரியாது. இன்னொரு வழி, கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு ப்ளோயரால் உள்ளே காற்றை ஏற்றி, வெளியே இணைப்புகளில் சோப்பு நீர் தடவுவது. ஓட்டை இருக்குமிடத்தில் நுரை குமிழியிடும்.

மேலே

எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, வாளி நிறைய பூச்சு வாங்கி ரோலரால் மொத்தக் கூரையையும் வெள்ளையடித்துவிடுவது. ஒரே நாள் வேலை, பார்க்கவும் புதுசு. ஆனால் அலுமினியத் தகடு சும்மா இருக்காது. 5 மீட்டர் கூரை, 40 டிகிரி சூடு ஏறினால் 4.6 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். அந்த அசைவெல்லாம் இணைப்பில்தான் விழுகிறது. மெல்லிய பூச்சு முதலில் கிழிவதும் அங்கேதான். அக்ரிலிக் பூச்சு என்றால் குழிவில் தண்ணீர் தேங்கி நின்றே அது ஊறி உரியத் தொடங்கும். இவற்றைவிட மோசம், உள்ளே ஈரமான மரத்தை அப்படியே வைத்து மூடிவிடுவது. இணைப்புகள் சரியாக இருந்து, மேற்பரப்பு மட்டும் வெளிறிப்போன கூரைக்குப் பூச்சு நல்லது. ஒழுக்குக்கு மருந்தாக அதை நான் எடுக்க மாட்டேன்.

இணைப்பின் மேல் அகலமான ஒட்டுப்பட்டை ஒட்டுவது நடுவழி. சுத்தமான, காய்ந்த தகட்டில் உடும்புப்பிடியாகப் பிடிக்கும். ஆனால் முந்தைய ஆள் சிலிக்கான் பூசியிருந்தால் அதன்மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட. முழுசாகச் சுரண்டியே ஆக வேண்டும். அவ்வளவு சுரண்டியபின் மூன்றாவது வழிக்கே போய்விடலாமே!

அது, தகட்டு விளிம்பை மூடும் ஓரப் பீடிங்கையும் ஜன்னல் சட்டத்தையும் கழற்றி, இணைப்பை அடைத்திருந்து கல்லாகிப்போன பழைய மக்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப்பைப் புதிதாக வைத்து, துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் மறுபடி இறுக்குவது. டேப் விளிம்பெங்கும் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் பிடிக்கவில்லை என்று பொருள். ஒரு வெயில் பட்டதும் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, பிதுங்கியதை நறுக்கலாம். ஒரு வாரம் முதுகு போனது. ஆனால் கழற்றியபோதுதான் மூலைக் கட்டை கேக் மாதிரி உதிர்வதைப் பார்த்தேன். மற்ற இரண்டு வழிகளிலும் அது கண்ணிலேயே பட்டிருக்காது. (உங்களுடையது ரப்பர் கூரையானால் பெட்ரோலிய கரைப்பானால் துடைக்காதீர்கள், உப்பிப்போகும். எந்தக் கூரையானாலும் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் ஏறுங்கள்.)

கீழே

கூரை முடிந்ததும் சீலிங்கை மூட அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று நல்ல மழை போகட்டும். சட்டங்களைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மேல்வேலை.

அழகில் முதலிடம் நாக்கும் பள்ளமுமாகச் சேரும் பைன் பலகைக்குத்தான். எடைதான் இடிக்கிறது: 8 மில்லிமீட்டர் பலகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ, 3 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. 10 சதுர மீட்டருக்கு வித்தியாசம் இருபது கிலோவுக்கு மேல், அதுவும் வண்டியின் உச்சியில். நுரை ஒட்டிய துணி வளைவுகளில் சொன்னபடி கேட்கும். வருடங்கள் போனால் நுரை பொடிந்து துணி தொட்டிலாகத் தொங்கும்.

பிவிசி பலகைதான் உண்மையான போட்டி. அழுகாது, துடைத்தால் சுத்தம், பெயின்ட் வேண்டாம். சூட்டில் நன்றாக நீள்வதால் ஓரத்தில் இடைவெளி விட வேண்டும், அது பெரிய விஷயமில்லை. எனக்குப் பிடிக்காதது அதன் கள்ளமௌனம். மேலே மறுபடி ஒழுகினால் பிவிசி கறைபடாது. தண்ணீர் அதன் முதுகிலேயே ஓடிச் சுவருக்குள் இறங்கி, சுவர்ச் சட்டம் உளுத்த பிறகே நமக்குத் தெரியும். பிளைவுட் முதல் வாரமே மஞ்சள் வளையம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வண்டியின் கூரையை முழுசாக நம்ப முடியாது என்பதால் எனக்கு அந்தக் காட்டிக்கொடுக்கும் ஆள்தான் வேண்டும்.

மாட்டும்போது ஒரு சிக்கல்: பல வண்டிகளில் பழைய சீலிங்கின் ஓரம் சுவரின் தலைக்கு மேலே மாட்டியிருக்கும், உருவ வராது. சுவரோடு ஒட்ட வெட்டியெடுத்து, புதுப் பலகையைச் சற்றுச் சிறியதாக அறுத்து, ஓரத்தைப் பீடிங்கால் மறைத்தேன். பிளைவுட்டின் முதுகுக்கும் இரண்டு கோட் அடித்தேன். பலகைச் சேர்க்கைகளில் பசை கிடையாது. ரீப்பரும் ஸ்க்ரூவும் மட்டும்.

கூரை ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகை ஆறே ஸ்க்ரூவில் நிற்கிறது. பெருமழை விட்டதும் அதைக் கழற்றி மூலைக் கட்டையில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கிறேன். இதுவரை விரலில் ஒட்டியது தூசிதான்.